டபரா டம்ளரிலிருந்து கருவின் நரம்பு வரை

போன மாதம் ஒருநாள் காலையில் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, நாள் தள்ளி ஒன்பது நாள் ஆச்சு. டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்துடுச்சு. சந்தோஷந்தான். ஆனா இத்தனை நாளும் ஆபீஸ்ல நாலு காப்பி குடிச்சிட்டு இருந்தேனே, குழந்தைக்கு ஏதாச்சும் ஆயிடுமா?" பின்னால் அவள் மாமியார் குரல் கேட்டது: "காப்பி குடிச்சா புள்ள கருப்பாத்தான் பொறக்கும். சொன்னா யார் கேக்குறா?"

நிறப் பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பிள்ளையின் நிறம் அப்பா அம்மாவின் மரபணுவிலிருந்து வருவது. காப்பிக்கும் அதில் வேலையில்லை, குங்குமப்பூவுக்கும் வேலையில்லை. அவள் கேட்டது மட்டும் சரியான கேள்வி. கடலூரில் பல வருஷம் விலங்கியல் நடத்தியவள் நான். அன்றைக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மாத்திரை, ஸ்கேன் விஷயமெல்லாம் அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவர்களுக்கு அந்த ஸ்லைடுகள் நினைவிருக்கும்: 24 மணி நேரக் கோழிக் கரு, 33 மணி நேரம், 48 மணி நேரம், 72 மணி நேரம். கோழி 21 நாள் அடைகாக்கிறது. அதில் முதல் இரண்டு நாளிலேயே நரம்பு மண்டலத்துக்கு அடித்தளம் போட்டாகிவிடுகிறது. 24 மணி நேர ஸ்லைடில் கருவின் முதுகுப் பக்கம் நீளவாக்கில் ஒரு பள்ளம் தெரியும், இரு பக்கமும் கரை கட்டினாற்போல். 48 மணி நேர ஸ்லைடைப் பார்த்தால் அந்தக் கரைகள் கூடி மூடி, ஒரு முனையில் மூளை உப்பிக்கொண்டு நிற்கும்.

பந்தியில் மிஞ்சிய வாழையிலை ஒன்றை வெயிலில் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நடுநரம்பு பள்ளமாக நிற்க, இரண்டு ஓரமும் எழும்பி ஒன்றை நோக்கி ஒன்று வளையும். கருவிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. முதலில் தட்டையான ஒரு செல் அடுக்கு, அதற்கு நரம்புத் தட்டு என்று பெயர். அதன் ஓரங்கள் எழும்பி, நடுவில் வந்து ஒட்டிக்கொண்டால் நரம்புக் குழாய். குழாயின் மேல்முனை மூளையாகிறது, மீதி தண்டுவடமாகிறது. இலை வாடிச் சுருள்கிறது, கருவோ ஒவ்வொரு செல்லும் தன் உருவத்தை மாற்றிக்கொண்டு வளைகிறது. அதற்குச் செல்லுக்குள் கால்சியம் முதல் பல சமிக்ஞைகள் ஒழுங்காக ஓட வேண்டும். உவமை அதோடு சரி.

மனிதக் கருவில் இது கருத்தரித்த 18, 19ஆம் நாள் வாக்கில் தொடங்குகிறது. கழுத்து வரப்போகும் இடத்தில் முதலில் ஒட்டி, அங்கிருந்து மேலும் கீழும் மூடிக்கொண்டே போய், 28ஆம் நாளுக்குள் முடிந்துவிடுகிறது. மேல்முனை மூடாமல் போனால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாது. கீழே மூடாமல் போனால் தண்டுவடப் பிளவு. இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். மாதவிலக்கு வர வேண்டிய நாள் கருத்தரித்த 14ஆம் நாளை ஒட்டி வருகிறது. அப்படியானால் 'நாள் தள்ளிப்போச்சு' என்று தெரிந்து இரண்டு வாரத்துக்குள் நரம்புக் குழாய் வேலை முடிந்துவிடுகிறது. அண்ணன் மகள் போன் செய்த அன்று அது பாதி மூடியிருக்கும். பல பெண்கள் டாக்டரிடம் முதல்முறை போவதற்குள் எல்லாம் மூடி முடிந்திருக்கும். நரம்புக் குழாய் சரியாக மூட உதவும் பி வைட்டமினான ஃபோலிக் ஆசிட் மாத்திரையை, குழந்தைக்கு முயற்சி செய்யும்போதே தொடங்கச் சொல்வதன் காரணமும் இதுதான்.

சரி, இதற்குள் காப்பி எப்படி நுழைகிறது?

நம் உடம்பில் அடினோசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. மூளை உழைக்க உழைக்க அது சேர்கிறது. நரம்பு செல்களின் மேல் அதற்கென்றே இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து 'போதும், கொஞ்சம் அடங்கு' என்று சொல்கிறது. நமக்குத் தூக்கம் சொக்குகிறது. காப்பியிலும் டீயிலும் இருக்கும் கஃபீன் உருவத்தில் அடினோசினுக்குக் கொஞ்சம் ஒத்துப்போகும். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. துண்டு ஊருக்குப் போகப்போவதில்லை, டிக்கெட்டும் எடுக்காது. ஆனால் அது கிடக்கிற வரை உட்கார வேண்டியவர் நின்றுகொண்டுதான் வர வேண்டும். அடினோசின் உட்கார முடியாததால் 'அடங்கு' என்ற சொல் செல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. நாம் அதைச் சுறுசுறுப்பு என்கிறோம்.

பெரியவர்களுக்கு இது ஒரு வேளைத் தூக்கச் சமாச்சாரம். கருவில் கதை வேறு. வளரும் மூளையிலும் அதே ஏற்பிகள் இருக்கின்றன, ஆனால் அங்கே அவற்றின் வேலை தூக்கம் வரவழைப்பதோடு நிற்பதில்லை. நரம்பு செல்கள் எல்லாம் பிறந்த இடத்திலேயே குடியிருப்பவை அல்ல. மூளையின் ஒரு மூலையில் பிறந்து, நெடுந்தூரம் ஊர்ந்துபோய் வேறோர் இடத்தில் அமர்பவை ஏராளம். அந்த நடைக்கு வழி சொல்லும் சமிக்ஞைகளில் அடினோசினும் ஒன்று. அதாவது, துண்டு விழுந்திருப்பது வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் வந்து இறங்க வேண்டிய சீட்டில்.

அம்மா குடித்தது அவ்வளவு சுலபமாகக் கருவுக்குப் போய்விடுமா? போய்விடும். நீரிலும் கரையும், கொழுப்பிலும் கரையும் சின்ன மூலக்கூறு அது, நஞ்சுக்கொடியைத் தாராளமாகக் கடக்கிறது. அம்மாவின் ரத்தத்தில் எவ்வளவோ கருவின் ரத்தத்திலும் ஏறக்குறைய அவ்வளவு. வித்தியாசம் வெளியேற்றுவதில் இருக்கிறது. கஃபீனைச் சிதைக்கும் நொதி நம் கல்லீரலில் இருக்கிறது. கருவிடம் அது இல்லை என்றே சொல்லலாம், நஞ்சுக்கொடியிலும் இல்லை. அம்மாவின் கல்லீரல் ஒன்றுதான் இருவருக்கும் சேர்த்து உழைக்க வேண்டும். மாதம் ஏற ஏற அந்த நொதியும் மந்தமாகிக்கொண்டே போகிறது.

இதை எண்ணில் பார்த்தால்தான் புரியும். சாதாரண நாளில் காலை 6 மணிக்கு 100 மில்லிகிராம் கஃபீன் உள்ளே போனால், சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும். 11 மணிக்கு 50, மாலை 4 மணிக்கு 25, படுக்கப் போகும்போது 12 சொச்சம். நிறைமாதத்தை நெருங்கும் பெண்ணுக்கு அது பாதியாகவே சுமார் 15 மணி நேரம் ஆகிறது. காலை 6 மணிக் காப்பியில் பாதி இரவு 9 மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மறுநாள் காலை அடுத்த டம்ளரைக் கையில் எடுக்கும்போதும் மூன்றில் ஒரு பங்கு பாக்கி. பழைய கடன் தீராமல் புதுக் கடன் ஏறுகிற மாதிரி. 'நான் முன்னைவிட அதிகமாகக் குடிக்கவில்லையே' என்று சொல்லும் பெண்ணின் ரத்தத்திலும் கஃபீன் முன்னைவிட அதிகமாக இருப்பது இப்படித்தான்.

ஆராய்ச்சிக்கூடங்களில் என்ன பார்த்திருக்கிறார்கள்? கோழிக் கருவில் ஆரம்பிக்கலாம். முட்டை ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டிப் பார்க்க முடியும் என்பதால் அது கருவியல்காரர்களுக்கு ரொம்ப வசதி. அதிக அளவு கஃபீன் செலுத்தப்பட்ட கோழிக் கருக்களில் நரம்புக் குழாய் சரியாக மூடாமல் நின்றுபோனதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

அடுத்தது வரிக்குதிரை மீன். மீன்தொட்டிக் கடைகளில் 'ஜீப்ரா டேனியோ' என்று கேட்டால் கொடுப்பார்கள், விரல் நீளம்கூட இருக்காது, உடம்பெல்லாம் நீலக் கோடு. நம் இந்தியத் துணைக்கண்டத்து ஓடைகளின் மீன்தான் அது, இப்போது உலகத்தின் ஆய்வுக்கூடங்களில் எல்லாம் நீந்துகிறது. காரணம் அதன் முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரே நாளில் கண், இதயம், முதுகுத்தண்டு எல்லாம் மைக்ராஸ்கோப்பின் கீழ் உயிரோடு தெரியும். தண்டுவடத்திலிருந்து ஒரு நரம்பிழை கிளம்பி, தசைக்கு வழி தேடிக்கொண்டு வளர்வதையும் பார்க்கலாம். கஃபீன் கரைத்த நீரில் அந்த முட்டைகளை வளர்த்தபோது குஞ்சுகளின் உடம்பு குட்டையானது, தொட்டால் துள்ளி ஓட வேண்டியவை மந்தமாகக் கிடந்தன, தசைக்குப் போக வேண்டிய நரம்பிழைகள் சில வழி தவறிப் போயிருந்தன. படிக்கவே சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு கப் காப்பி குடித்தால் நம் ரத்தத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் சுமாருக்குக் கஃபீன் இருக்கும். மீன் முட்டைகள் மிதந்தது அதைப்போலப் பல மடங்கு செறிவுள்ள நீரில், அதுவும் இடைவிடாமல்.

அளவைப் போலவே குடிக்கும் விதமும் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. எலிகளுக்குக் குழாய் வழியாக ஒரே தடவையில் பெரிய அளவு கஃபீன் புகட்டியபோது குட்டிகள் சில விரல் இல்லாமல் பிறந்தன. 1980இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை கர்ப்பிணிகளை எச்சரித்ததன் பின்னணியில் இந்த மாதிரி எலி ஆய்வுகள் இருந்தன. பிறகு குடிதண்ணீரில் கலந்து நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிக்கவிட்டுப் பார்த்தார்கள். விரல் போகவில்லை. ரத்தத்தில் திடீரென்று எழும் உச்சம் ஒரு விஷயம், மெல்ல ஏறி இறங்குவது வேறு விஷயம்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2013இல் வந்த ஒரு சுண்டெலி ஆய்வு. பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் நடந்தது. கர்ப்ப காலம் முழுக்கத் தாய்ச் சுண்டெலிகளுக்குக் குடிநீரிலேயே கஃபீன் கொடுத்தார்கள். மனிதக் கணக்கில் நாளுக்கு மூன்று நான்கு கப் காப்பிக்குச் சமம் என்று அவர்கள் மதிப்பிட்ட அளவு. உருவக் குறை எதுவும் வெளியே தெரியவில்லை. ஆனால் மூளையில் பிரேக் போடும் வேலையைச் செய்கிற ஒரு வகை நரம்பு செல்கள் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குத் தாமதமாகப் போய்ச்சேர்ந்தன. அடினோசின் ஏற்பி அடைபட்டதால் அவற்றின் நடை தளர்ந்துபோயிருந்தது. அந்தக் குட்டிகளுக்கு வலிப்பு சுலபமாக வந்தது, வளர்ந்த பிறகு சில நினைவாற்றல் சோதனைகளில் பின்தங்கின. முன்னே சொன்ன துண்டு-சீட்டுக் கதையை அப்படியே கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. சுண்டெலி மனிதன் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

மனிதர்களிடம் வந்தால் எல்லாம் குழம்புகிறது. குழப்புவது நம் மசக்கைதான். கரு நன்றாக ஊன்றி ஹார்மோன் ஏறும்போதுதான் குமட்டலும் பலமாக வருகிறது. குமட்டல் வந்தவளுக்குக் காப்பி வாசனையே ஆகாது, தானாக நிறுத்திவிடுகிறாள். கரு சரியாக ஊன்றாதவளுக்குக் குமட்டல் குறைவு, அவள் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருக்கிறாள். பிறகு அவளுக்குக் கரு கலைந்தால், கணக்கெடுப்பவர் கண்ணுக்கு 'காப்பி குடித்தவளுக்குக் கலைந்தது' என்று தெரியும். காப்பி காரணமா, அடையாளமா? இதைப் பிரித்தெடுப்பது லேசான காரியம் இல்லை. இதோடு, அதிகம் காப்பி குடிப்பவர்களில் புகைபிடிப்பவர்களும் அதிகம் என்கிற மேல்நாட்டுச் சிக்கல் வேறு.

மனிதக் கருவில் நரம்புக் குழாய் மூடாமல் போவதற்குக் கஃபீன்தான் காரணம் என்று இதுவரை நிறுவப்படவில்லை. சில ஆய்வுகளில் லேசான தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் தெரிவதில்லை. ஃபோலிக் ஆசிட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இப்படி ஒரு குறையோடு ஏற்கெனவே குழந்தை பெற்ற பெண்களை வைத்து நடந்த பிரிட்டிஷ் ஆய்வு 1991இல் வெளியானது. நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத கணக்கு என்றால் அது. காப்பியை விட்டுவிட்டு மாத்திரையை மறப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதற்கு இதுதான் காரணம்.

குழந்தையின் அறிவு, நடத்தை பற்றி? அமெரிக்காவில் 1960களை ஒட்டிக் கர்ப்பிணிகளிடம் எடுத்துச் சேமித்துவைத்த ரத்தத்தில், கஃபீன் சிதைந்து உண்டாகும் பொருளை அளந்து ஒரு ஆய்வு நடந்தது. 2,197 தாய்மார்கள். அவர்கள் பிள்ளைகளின் 4 வயது, 7 வயது அறிவுச் சோதனைகளோடு ஒப்பிட்டதில் சொல்லும்படியான கெடுதல் தென்படவில்லை. 2021இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, 9, 10 வயதுப் பிள்ளைகள் ஒன்பதாயிரம் பேரின் மூளைப் படங்களைப் பார்த்தது. கர்ப்பத்தில் கஃபீன் எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு நரம்பிழைக் கட்டுகள் சிலவற்றில் சின்ன வித்தியாசம் தெரிந்தது, நடத்தையிலும் சிறிய வித்தியாசம். ஆனால் பத்து வருஷத்துக்கு முன்னால் எத்தனை கப் குடித்தீர்கள் என்று அம்மாக்களிடம் இப்போது கேட்டு எழுதிய கணக்கு அது. எனக்குப் போன வாரம் குடித்ததே நினைவில்லை. மனிதர்களிடம் கொஞ்சம் உறுதியாகத் தெரிவது எடைதான்: 2008இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், நாளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களின் குழந்தைகள் 60, 70 கிராம் எடை குறைந்து பிறந்தன.

இதையெல்லாம் கேட்டுவிட்டுக் 'கஃபீன் விஷம்' என்று முடிவுகட்டக் கிளம்புவீர்களானால், குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அங்கே அதே கஃபீன் மருந்து. ரொம்ப முன்னாலேயே பிறந்துவிடும் குழந்தை மூச்சுவிடவே மறந்துபோகும். அதை நினைவூட்டத்தான் கஃபீன் சிட்ரேட் கொடுக்கிறார்கள். 500 முதல் 1,250 கிராம் எடையில் பிறந்த சுமார் 2,000 குழந்தைகளிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2007இல் வந்தது. கஃபீன் பெற்றவர்களில் 18 மாதத்துக்குப் பிறகு மூளைவாதமும் அறிவு வளர்ச்சித் தாமதமும் குறைவாக இருந்தன. அதே மூலக்கூறு, ஏறக்குறைய அதே வயது மூளை. அளவும் நேரமும் தேவையும்தான் வேறு. பிறந்த குழந்தையிடம் கஃபீன் பாதியாகச் சுமார் 4 நாள் ஆகும் என்பதால் நாளுக்கு ஒரு தடவை கொடுத்தாலே போதும்.

சரி, எவ்வளவு குடிக்கலாம்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் வரை என்கிறது. 300க்கு மேல் எடுப்பவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் 200ஐப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியின்படி 150 மில்லி வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. கணக்குப் பார்த்தால் நாலு வடிகட்டிய காப்பி கட்டாயம் தாண்டும். இரண்டு பெரும்பாலும் அடங்கும், ரொம்ப ஸ்ட்ராங்காக இல்லாமலும் டீ தனியாகச் சேராமலும் இருக்கும் வரை.

நம் ஊர்ப் பக்கம் ஒரு சௌகரியம் உண்டு, சிக்கரி. அது ஒரு செடியின் வேர், கஃபீன் துளியும் கிடையாது. கலவைக் காப்பித் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. 60 பங்கு காப்பியும் 40 பங்கு சிக்கரியும் கலந்த தூளில் போட்ட டிகாக்‌ஷன் கறுப்பாகக் கெட்டியாக இருந்தாலும் கஃபீன் குறைவுதான். நிறத்தையும் கசப்பையும் வைத்து 'ஸ்ட்ராங்' என்று சொல்வது நாக்கின் கணக்கு, கரு அறிவது மில்லிகிராம் கணக்கு. 'ப்யூர் காப்பி' வாங்கிக் குடிப்பதைப் பெருமையாக நினைக்கும் எங்கள் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. சாயங்காலம் சைக்கிளில் வரும் சுக்குக் காப்பியில் காப்பித் தூள் போடாத வரை கஃபீன் இல்லை, பெயர்தான் காப்பி. மாறாக, எதிர்பாராத இடத்தில் ஒளிந்திருப்பதும் உண்டு: கோலா, எனர்ஜி பானங்கள், சில தலைவலி மாத்திரைகள். எனர்ஜி பானத்தில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை இருக்கலாம், கர்ப்பிணிகளுக்கு உகந்ததல்ல என்று டப்பாவிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. எழுத்து எறும்பு சைஸில் இருக்கும்.

கஃபீனைவிட எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. டீயிலும் காப்பியிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சத்து மாத்திரையைக் காலை டீயோடு முழுங்கினால் பாதி வீண். ரத்தசோகை நம் பெண்களுக்குச் சாதாரணமாகிப்போன ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. கருவின் நரம்பிழைகளுக்கு மேல் உறை போர்த்தும் வேலைக்கு இரும்பு தேவை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, டீ வேண்டாம் என்று அதே ஹைதராபாத் வழிகாட்டி சொல்கிறது.

அண்ணன் மகளிடம் கடைசியாகச் சொன்னது இது: போன மூன்று வாரத்தை நினைத்து அழாதே, நாலு காப்பி குடித்த பெண்கள் உலகம் முழுக்க நல்ல குழந்தைகளைப் பெற்றிருக்கிறார்கள். ஃபோலிக் ஆசிட்டை இன்றைக்கே ஆரம்பி. காப்பியை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும், அந்தத் தலைவலிக்கு நீ போடப்போகும் மாத்திரையிலும் கஃபீன் இருந்து தொலையும், அதனால் ஒரு வாரத்தில் நாலை மூன்றாக்கு, மூன்றை இரண்டாக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ஆபீஸில் அவளுக்கென்று ஒரு சின்ன டம்ளர் வைத்துவிட்டாளாம். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இரண்டாவது இன்ஸ்டன்ட். மாமியார் எனக்கு மட்டும் முதல் டிகாக்‌ஷனில் நுரை பொங்கப் பொங்க ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். அவள் தன் சுக்குக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் டபராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பிரசவம் ஆனதும் குடிக்கலாமில்ல?"

தாய்ப்பாலில் கொஞ்சமாகத்தான் இறங்கும், ஆனால் பச்சைக் குழந்தைக்கு அது பாதியாக நாலு நாள் ஆகும் என்று ஆரம்பித்தேன். அவள் பெருமூச்சு விட்டுச் சுக்குக் காப்பியை வாயில் வைத்தாள்.